தேனீப் பெட்டிக்கு வரும் எதிரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரப்பெட்டியில் இந்தியத் தேனீ வளர்ப்பவர்களுக்காக எழுதியது இது. குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களிலும் தென்னந்தோப்புகளிலும் வைக்கும் ஆறு சட்டப் பெட்டி, ஏழு சட்ட நியூட்டன் பெட்டி இரண்டுக்கும் பொருந்தும். சட்டம் என்பது பெட்டிக்குள் தொங்கவிடும் மரச் சட்டகம்; அதில் தேனீ மெழுகால் கட்டும் அறைத் தட்டுதான் அடை. இத்தாலியத் தேனீக்கும், கொட்டாத சிறு தேனீயான கொசுத்தேனீக்கும் தேவையான இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எந்தப் பிராணிக்கு முதலில் பயப்பட வேண்டும்?

புதிதாகப் பெட்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கரடி, குரங்கு, பருந்து என்று பெரிய உருவங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் சமவெளியில் பெட்டி காலியாவதற்குக் காரணம் அநேகமாக இரண்டுதான்: எறும்பும் மெழுகு அந்துப்பூச்சியும். மூன்றாவதாகக் குளவி. மற்றதெல்லாம் இடத்தைப் பொறுத்தது.

இந்தியத் தேனீயின் குணம் ஒன்றை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். தொல்லை அளவு மீறினால் அது நின்று போராடாது. ராணியோடு மொத்தக் கூட்டமும் பறந்து போய்விடும். அதனால் பத்து எறும்பு உள்ளே போய் நாலு புழுவைத் தின்றது நஷ்டம் இல்லை. அதைப் பார்த்துக் கூட்டம் கிளம்பிவிடுவதுதான் நஷ்டம்.

எறும்புக்கும் அந்துப்பூச்சிக்கும் பூச்சி மருந்து அடித்தால் தீர்ந்துவிடாதா?

தீர்ந்துவிடும், தேனீயும் சேர்ந்து. நீங்கள் வளர்ப்பதே பூச்சிதான். எறும்பைக் கொல்லும் பொடி, கரப்பானைக் கொல்லும் ஸ்பிரே, தரையில் கோடு போடும் எறும்புச் சாக்பீஸ் எல்லாமே தேனீயையும் கொல்லும். போதாததற்கு மெழுகு அந்த மருந்துகளை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; அங்கிருந்து தேனுக்குப் போகும். அந்துருண்டையும் அப்படித்தான். அலமாரியில் வைப்பதுபோல அடை அடுக்கி வைத்த பெட்டியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அந்த வாடை அடையை விட்டுப் போகாது.

அதனால் இந்தத் தொழிலில் மருந்துக் கடைக்கு வேலை குறைவு. பெட்டி நிற்கும் உயரம், பலகையின் இடுக்கு, வாசலின் அளவு, கூட்டத்தின் பலம் — இந்த நான்கையும் வைத்துத்தான் எல்லா எதிரியையும் சமாளிக்க வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

எறும்பு ஏறாமல் இருக்க என்ன வழி?

பெட்டியைத் தரையிலோ செங்கல் மீதோ மரக்கிளையிலோ வைக்காதீர்கள். தாங்கி வேண்டும். ஒற்றைக் கால் இரும்புத் தாங்கிதான் எனக்குப் பிடித்தது, காவல் காக்க வேண்டிய வழி ஒன்றே ஒன்று என்பதால். காலின் நடுவில் ஒரு கிண்ணத்தைப் பற்றவைத்து வாங்கி, அதில் தண்ணீர் நிரப்பி வைத்தால் எறும்பு கடக்காது. நான்கு கால் தாங்கி என்றால் ஒவ்வொரு காலையும் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் எறும்பு ஏறுவதற்குக் காரணம், பாலங்களைக் கவனிக்காமல் விடுவது. கிண்ணத்துக்குள் விழுந்த ரப்பர் இலை ஒரு பாலம். வளர்ந்து பெட்டியைத் தொடும் புல் ஒரு பாலம். மேல் மூடியை உரசும் கிளை, பெட்டியை இழுத்துக் கட்டிய கயிறு, தாங்கியில் சாய்த்து வைத்த மண்வெட்டி, சிலந்தி வலையில் சிக்கிய சருகு எல்லாமே பாலம்தான். மழைக்காலத்தில் புல் ஒரு வாரத்தில் கிண்ணத்தைத் தாண்டிவிடும். தாங்கியைச் சுற்றி ஓரடிக்காவது மண் தெரியும்படி செதுக்கி விடுங்கள்.

இன்னொன்று, வாடை. தேன் எடுத்த அன்று தரையில் சொட்டிய தேனும், ஊட்டும்போது சிந்திய சர்க்கரைப் பாகும் எறும்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும். பாகை அந்தி சாய்ந்த பிறகு பெட்டிக்குள்ளேயே வையுங்கள். சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். பகலில் வெளியே வைத்தால் எறும்பு மட்டுமல்ல, பக்கத்துப் பெட்டித் தேனீக்களும் கொள்ளைக்கு வரும்.

கிண்ணத்தில் தண்ணீர் போதுமா, எண்ணெய் ஊற்றலாமா?

தண்ணீர் போதும், வற்றாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால். சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும். பெட்டி வைத்த தோட்டம் வீட்டிலிருந்து தூரமாக இருந்தால் கழிவு எஞ்சின் ஆயில் ஊற்றுவது நடைமுறையில் இருக்கிறது; அது ஆவியாகாது. ஆனால் திறந்த கிண்ணத்தில் எண்ணெய் இருந்தால் தேனீ விழுந்து சாகும், மழையில் நிரம்பி வழிந்து மண்ணும் கெடும். கிண்ணத்துக்கு மேலே காலோடு ஒட்டி ஒரு தகரக் குடை மாட்டிவிட்டால் இலையும் மழையும் தேனீயும் விழாது. குடை கிண்ணத்தின் விளிம்பைத் தொடக்கூடாது. தொட்டால் அதுவே பாலம்.

தண்ணீர் ஊற்றுகிறவர்கள் வாரம் ஒருமுறை கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். கொசு முட்டையிடும்.

சாம்பல், மஞ்சள் தூள் எல்லாம் காய்ந்த தரையில் ஓரிரு நாள் வேலை செய்யும். ஒரு மழைக்குத் தாங்காது.

முசிறு எறும்பு மரத்திலிருந்தே வருகிறதே?

மா, பலா, முந்திரித் தோப்புகளில் இந்தத் தொல்லை உண்டு. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் செம்முசிறுக்குக் கிண்ணம் ஒரு பொருட்டே இல்லை. அது மேலேயிருந்து இறங்கும். சிறு இடைவெளியை ஒன்றோடொன்று கால் கோத்துத் தொங்கியும் கடக்கும். வாசலில் காத்திருந்து திரும்பி வரும் தேனீயைக் காலும் சிறகுமாகப் பிடித்து இழுக்கும். பெட்டி நிற்கும் மரத்தில் அதன் கூடு இருந்தால் பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். முசிறைக் கொல்ல மரத்துக்கு மருந்து அடித்தால் அது பூவில் படும், பூவுக்கு உங்கள் தேனீதான் போகும். தவிர, மரத்தில் மற்றப் பூச்சிகளைத் தின்று தோப்புக்காரருக்கு உதவுகிறதும் இதே முசிறுதான்.

பெட்டிக்குள் வெள்ளை நூலாம்படை, நடுவில் கறுப்பு மணல்போல எச்சம். இது என்ன?

மெழுகு அந்துப்பூச்சியின் புழு. அந்து இருட்டிய பிறகு வந்து, பலகை இடுக்கிலும் அடிப்பலகைக் குப்பையிலும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரித்த புழு அடைக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டு, போகிற வழியெல்லாம் நூல் நூற்றுக்கொண்டே போகும். அது தேடி வருவது தேனை அல்ல. பழைய அடையில் தேனீப் புழுக்கள் விட்டுப்போன தோல், மகரந்தம், மெழுகு ஆகியவைதான் அதன் சாப்பாடு. அதனால் கறுத்த பழைய அடைக்குத்தான் முதலில் வரும். புது வெள்ளை அடையில் அவ்வளவாக இருக்காது. வெப்பமான காலத்தில் முட்டை அந்தாக மாற ஐந்தாறு வாரம் போதும். பெரியது, சிறியது என்று இரண்டு வகை உண்டு. அடையைச் சல்லடையாக்குவது பெரியது.

இந்தியத் தேனீக்கு ஒரு பழக்கம்: வேண்டாத பழைய அடையைக் கடித்துக் கடித்துக் கீழே தள்ளும். அந்தத் துகள் அடிப்பலகையில் குவியும். அந்துக்கு அதைவிட நல்ல பிள்ளைப்பேற்று அறை கிடையாது. எனவே வாரம் ஒருமுறை, மிஞ்சினால் பத்து நாளுக்கு ஒருமுறை, அடிப்பலகையைக் கழற்றிச் சுரண்டித் துடைப்பதுதான் பெரிய வைத்தியம். சுரண்டியதைப் பெட்டிக்குக் கீழேயே தட்டிவிட்டுப் போகாதீர்கள். எரியுங்கள், அல்லது கோழிக்குப் போடுங்கள். கோழி விரும்பித் தின்னும்.

இரண்டாவது, தேனீ மூடாத அடையைப் பெட்டியில் விட்டு வைக்காதீர்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ரப்பர் மரத்திலும் தேனீக்கான இனிப்புச் சுரப்பு இருக்காது, பூவும் குறைவு. கூட்டம் சுருங்கும். ஆறு அடை இருந்த இடத்தில் மூன்று அடையை மூடத்தான் தேனீ இருக்கும். மிச்ச மூன்றும் அந்துக்கு என்று ஆகிவிடும். அவற்றை எடுத்துவிட்டு, இருக்கும் அடைகளை நெருக்கி வைத்து, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகு ஊட்டுங்கள். தேன் அறையையும் (புழு வளரும் கீழ் அறைக்கு மேல் தேனுக்காக வைக்கும் தட்டு) அந்தக் காலத்தில் கழற்றிவிட வேண்டும். பஞ்ச காலத்துக்கு ஊட்டாமல் மிச்சம் பிடிக்கும் சர்க்கரைக் காசு பெட்டியோடு போய்விடும்.

மூன்றாவது, இடுக்கு. வெயிலில் விரிந்த பலகை மூலையை மெழுகு அல்லது மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துவிடுங்கள். தேனீ நுழையாத அளவு சிறிய இடுக்கிலும் அந்து முட்டையை நீட்டி வைத்துவிடும்.

புழு வந்துவிட்டது. அடையைக் காப்பாற்ற முடியுமா?

கூட்டம் பலமாக இருந்து, ஓரிரு சுரங்கம் மட்டும் தெரிந்தால் முடியும். கத்தி நுனியால் சுரங்கத்தைக் கீறிப் புழுவை எடுத்துவிட்டு அடையைத் திருப்பி வையுங்கள், தேனீ சரிசெய்துகொள்ளும். அடை முழுக்க வலை கட்டியிருந்தால் யோசிக்காமல் வெட்டி எடுத்து அன்றைக்கே உருக்கிவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று திண்ணையில் வைத்த அடையிலிருந்துதான் அடுத்த பெட்டிக்கு அந்து போகும்.

தேன் எடுத்த காலி அடைகளை அடுத்த பருவம்வரை எப்படி வைத்திருப்பது?

குமரியில் ரப்பர் தேன் மாசி, பங்குனியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அடைகளை வைத்திருக்க வேண்டும். சில பெட்டிதான் என்றால் குளிர்பெட்டியின் ஃப்ரீசர் நல்ல வழி. நம் புழு அறைச் சட்டம் சுமார் 20 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம்தான்; தேன் அறைச் சட்டம் இன்னும் சின்னது. உள்ளே போய்விடும். மைனஸ் 15 டிகிரியில் இரண்டு மணி நேரத்திலேயே முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் செத்துவிடும். வீட்டு ஃப்ரீசர் அடிக்கடி திறந்து மூடப்படும் என்பதால் ஓர் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். எடுத்த பிறகு ஈரம் உலர விட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். கட்டாமல் வைத்தால் அன்று இரவே புது அந்து வரும்.

நிறையப் பெட்டி உள்ளவர்கள் அடைகளைப் பெட்டிகளில் அடுக்கி, இடுக்கை ஒட்டி, கந்தகம் எரித்துப் புகை போடுவார்கள். கந்தகப் புகை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு முறை போட வேண்டும். வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள். அந்தப் புகை நெஞ்சை அடைக்கும். தேன் உள்ள அடைக்கு இந்த வேலை ஆகாது.

கடந்தைக் குளவி வாசலில் நின்று தேனீயைப் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

தெற்கே கடந்தை என்றும் டெல்டாப் பக்கம் கதண்டு என்றும் சொல்கிற பெரிய குளவி. வயிற்றில் மஞ்சள் பட்டை போட்ட கறுப்பு உடம்பு. ஒன்று வந்து தேனீயைத் தூக்கிக்கொண்டு போனால் பெரிய பாதிப்பு இல்லை. தினமும் நான்கைந்து வந்து வாசலில் முற்றுகை போட்டால் தேனீ வெளியே போவதை நிறுத்திவிடும். மகரந்தம் வராது, ராணி முட்டையைக் குறைக்கும்.

நம் தேனீ இந்த விஷயத்தில் சாது இல்லை. குளவியைக் கண்டால் வாசலில் கூடி, வயிற்றைத் தூக்கி அலை அலையாக ஆட்டும். நெருங்கிவிட்டால் பந்துபோல மொய்த்து மூடிக்கொள்ளும். பந்துக்குள்ளே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். தேனீ தாங்கும், குளவி வெந்து சாகும். இத்தாலியத் தேனீக்கு இந்தச் சாமர்த்தியம் குறைவு. ஆனால் பந்து கட்ட ஆள் வேண்டும். பலவீனமான கூட்டத்தால் முடியாது.

நாம் செய்ய வேண்டியது வாசலைக் குறுக்குவது. தேனீ இரண்டு மூன்று பக்கம் பக்கமாகப் போய்வரும் அகலம், 8 மில்லிமீட்டர் அளவு உயரம் போதும். பெரிய குளவி நுழைய முடியாது. காலையும் மாலையும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பழைய பூப்பந்து மட்டையாலோ கொசு மட்டையாலோ அடித்தால் சில நாளில் வரவு குறையும். கோடை மழை சமயத்தில் தனியாகத் திரியும் பெரிய குளவி பெரும்பாலும் ராணி. அதை அடித்தால் ஒரு கூடே இல்லாமல் போகும்.

கூட்டைத் தேடிப் பந்தம் கொளுத்தப் போகாதீர்கள். கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் கூடு இருந்தால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்; அவர்கள் வந்து அழிப்பார்கள். கொட்டுப்பட்டவருக்கு முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ பச்சிலை தேடாமல் 108ஐ அழையுங்கள்.

பஞ்சுருட்டான், இரட்டைவால் குருவியை எப்படி விரட்டுவது?

கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து பறக்கும் தேனீயைக் கொத்தி, கம்பியில் தேய்த்துக் கொடுக்கை நீக்கிவிட்டு விழுங்கும் பச்சைப் பறவைதான் பஞ்சுருட்டான். கூட்டத்தில் ஆயிரக்கணக்கில் தேனீ இருக்கும்; ஒரு பறவை தின்பது கணக்கில் வராது. குளிர்காலத்தில் நீலவால் பஞ்சுருட்டான் கூட்டமாக வந்து இறங்கினால் மட்டும் கவனிக்க வேண்டும்.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கன்னி ராணி இணை சேரப் பறக்கும்போது இவை பிடித்துவிட்டால் அந்தக் கூட்டம் ராணி இல்லாமல் நிற்கும். அதனால் கூட்டம் பிரித்து ராணி வளர்க்கும் பெட்டிகளைக் கம்பியும் மொட்டைக் கிளையும் இல்லாத பக்கம், மரங்களுக்கு நடுவே வையுங்கள். பறவையை அடிப்பதோ வலை வைப்பதோ 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பளபளக்கும் நாடா கட்டினால் சில நாள் பயப்படும், பிறகு அதிலேயே உட்காரும்.

பல்லி, ஓணான், தேரை?

மேல் மூடிக்கு அடியில் பல்லி குடியிருந்தால் திறக்கும்போது தட்டி விரட்டுங்கள், காற்றுத் துளைக்குக் கம்பி வலை அடியுங்கள். தேரை இரவில் வாசலுக்குக் கீழே உட்கார்ந்து நாக்கை நீட்டும்; தாங்கி இடுப்பளவு உயரம் இருந்தால் எட்டாது. கரப்பானும் சிலந்தியும் மூடிக்குள் இருந்தால் துடைத்துவிட வேண்டியதுதான்.

முதுகில் மண்டை ஓடு வரைந்ததுபோல ஒரு பெரிய அந்து பெட்டிக்குள் செத்துக் கிடந்தது. கெட்ட சகுனமா?

சகுனம் ஒன்றும் இல்லை. தேன் திருட வந்து மாட்டிக்கொண்டது. எள் செடியில் மேயும் கொம்புப் புழுவின் தாய்தான் அது. இரவில் பெட்டிக்குள் புகுந்து, குட்டையான உறுதியான உறிஞ்சியால் மூடிய அறையைக் குத்தித் தேன் குடிக்கும். கையில் பிடித்தால் கீச்சென்று கத்தும். எடுத்து எறிந்துவிட்டு, வாசல் உயரத்தைக் குறையுங்கள். இத்தனை பெரிய உடம்பு நுழைந்திருக்கிறது என்றால் வாசல் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது.

மலையடிவாரத்தில் கரடி வருகிறது. சோலார் வேலி போடலாமா?

நீலகிரி, சத்தியமங்கலம், கொடைக்கானல் மலை, களக்காடு முண்டந்துறைப் பக்கங்களில் இது நிஜமான தொல்லை. கரடி பெட்டியை உருட்டி, உடைத்து, தேனோடு புழுவையும் தின்றுவிடும். கொட்டு அதன் அடர்ந்த ரோமத்தில் ஏறாது. ஒருமுறை ருசி கண்ட இடத்துக்குத் திரும்ப வரும் என்பதால், முதல் பெட்டி உடைந்த அன்றே மிச்சப் பெட்டிகளை ஊர்ப் பக்கம் இறக்கிவிடுவது நல்லது.

விட்டு விட்டுத் துடிக்கும் குறைந்த மின்னோட்டமுள்ள சோலார் வேலி வேலை செய்யும், கீழ்க் கம்பி தரைக்கு நெருக்கமாக இருந்து புல் தொடாமல் பார்த்துக்கொண்டால். ஆனால் தமிழ்நாட்டில் மின்வேலிகளுக்கென்று 2023இல் விதிகள் வந்திருக்கின்றன. காட்டை ஒட்டிய நிலத்தில் போடுவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். கரடியும் சாகும், ஆளும் சாவார். சிறைக்கும் போக வேண்டியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால் யானைக்குத் தேனீ என்றால் பயம். யானை வரும் வழியில் தேனீப் பெட்டிகளை வரிசையாக வைத்துத் தடுக்கும் திட்டத்தைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் 2021இல் குடகில் தொடங்கியது. யானைக்காக வைத்த பெட்டிக்குக் கரடி வந்தால் என்ன செய்வது என்பதை அந்தந்த ஊர்க்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குரங்கு மூடியைத் தள்ளிவிடுகிறது, மாடு உரசிச் சாய்க்கிறது.

பெட்டியைத் தாங்கியோடு சேர்த்துப் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுங்கள். மூடி மேல் கல் வைப்பது காற்றுக்குச் சரி, குரங்கு அதையும் தூக்கிப் போடும். தாங்கியின் கால் ஒன்றரை அடியாவது மண்ணுக்குள் இருக்கட்டும். மாடு கட்டும் இடத்திலிருந்து பெட்டியைத் தள்ளி வைப்பது பெட்டியைவிட மாட்டுக்குத்தான் முக்கியம். கட்டிப்போட்ட மாட்டால் ஓட முடியாது.

உண்ணிக்கு மருந்து வைக்க வேண்டுமா?

இந்தியத் தேனீக்கு வேண்டாம். தேனீயின் உடம்பில் ஒட்டி வாழும் வர்ரோவா உண்ணி காலங்காலமாக அதனோடு வாழ்ந்து வருவது. தேனீ ஒன்றையொன்று துடைத்து உண்ணியைப் பிடுங்கிப் போடும், உண்ணியும் பெரும்பாலும் ஆண் புழு அறையில் மட்டுமே பெருகும். இத்தாலியத் தேனீயின் கதை வேறு. அதற்கு ஃபார்மிக் அமிலம்போல முறையான சிகிச்சை இல்லாவிட்டால் கூட்டம் அழியும். இரண்டு வகையும் ஒரே தோட்டத்தில் வேண்டாம்.

புழுக்கள் அறைக்குள்ளேயே நிமிர்ந்து செத்துக் கிடக்கின்றன. எந்தப் பூச்சியின் வேலை?

பூச்சியின் வேலை இல்லை. இடுக்கியால் எடுத்தால் தண்ணீர் கோத்த சின்னப் பைபோல வந்தால் அது தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய். 1991, 1992இல் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவு அழித்தது இதுதான். மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், கருவிகளைக் கழுவாமல் அடுத்த பெட்டியில் வைக்காதீர்கள். நோயால் கூட்டம் மெலிந்த பிறகு அந்துப்பூச்சி வரும். அந்துதான் காரணம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

கூட்டம் ஓடிவிட்டது. அதே பெட்டியில் புதுக் கூட்டத்தை விடலாமா?

விடலாம், சுத்தம் செய்த பிறகு. பழைய அடை ஒன்றும் வேண்டாம். பெட்டியின் உட்பக்கத்தையும் மூலைகளையும் தீச்சுவாலையால் லேசாக வாட்டுங்கள். இடுக்கில் இருக்கும் முட்டையும் கூட்டுப்புழுவும் வெந்துபோகும். வெயிலில் ஒரு நாள் காயட்டும். சட்டத்தில் சிறு துண்டு மெழுகு ஒட்டிக் கூட்டத்தை விட்டு, முதல் வாரம் பாகு ஊட்டுங்கள். எறும்பால் ஓடியிருந்தால் பெட்டியைச் சுத்தம் செய்து பயனில்லை, தாங்கியைப் பாருங்கள்.

கொசுத்தேனீக்கும் இதே பாதுகாப்புதானா?

எறும்புக்கு ஆம், கிண்ணம் வேண்டும். மற்றபடி அது கெட்டிக்காரத் தேனீ. இடுக்கையெல்லாம் தானே பிசினால் பூசிக்கொள்ளும், வாசலுக்குக் குழாய் கட்டிக் காவல் வைக்கும். ஆபத்து நாம் திறக்கும்போதுதான். தேன் எடுக்கையில் உடைந்த தேன் குடங்கள் ஒழுகிக் கிடந்தால் சிறு ஈக்கள் வந்து முட்டையிடும். ஒழுகியதைத் துடைத்து, பெட்டியின் இரு பாதிகளையும் சேர்த்து, இடைவெளியை நாடாவால் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாளில் அது உள்ளேயிருந்து பூசி முடித்துவிடும், பிறகு நாடாவைக் கழற்றலாம்.